வரப்பில் எவனும் தோண்ட மாட்டான்

பாய் ஊரோடு வந்துவிட்டான் என்று நண்பன் போனில் சொன்னபோது நான் உப்பளத்தில் மெக்கானிக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பங்குனி மாதம், உப்பு நன்றாக விளைகிற நேரம். அந்த ஆள் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரு வாஷர் கிடைக்கவில்லை என்று மூன்று நாளாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் போனை வைத்த பிறகு அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். தான் ஜெயித்துவிட்டதாக அவன் நினைத்திருப்பான்.

"சவுதியில இருந்து மொத்தமா வந்துட்டானாம்பா. இனிமே போவ மாட்டானாம். ரெண்டாவது ஞாயித்துக்கிழமைக்கு வரச் சொல்லிட்டேன்" என்றான் நண்பன். அவன் குரலில் அவ்வளவு உற்சாகம். சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் நிறையப் பேர். அவர்களில் நாங்கள் நான்கு பேர் மேற்கு எல்லையில், சண்டைக் காலத்தில், ஒரே முகாமில் ஏழு மாதம் இருந்தோம். நான் உப்பளத்துக் குடும்பம். நண்பன் உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற குடும்பம். மூன்றாமவர் முகாமின் சமையல்காரர், எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர், கூனிமேட்டுக்குப் பக்கத்தில் மாதா கோயில் தெருவில் வீடு. நாலாவது ஆள் கோட்டக்குப்பத்து பாய். பட்டாளத்தை விட்டதும் அவன் செக்யூரிட்டி வேலைக்கு வளைகுடா போய்விட்டான். மிச்சமிருந்த நாங்கள் மூவரும் மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் உப்பளக் கொட்டகையில் கூடுவது வழக்கம்.

நண்பனுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. டியூட்டி இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில், முகாமுக்கு வெளியே கண்ணிவெடியில் போனது. வெடித்த இடத்திலிருந்து அவனைத் தோளில் தூக்கி வந்தவன் நான். அதற்காக எனக்கு வந்த பாராட்டுக் கடிதம் இன்றைக்கும் என் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அவன் அங்கே கால் வைத்தது என் பேச்சைக் கேட்டுத்தான். விசாரணையில் நான் அதை மாற்றிச் சொன்னேன். அவனுக்கு அன்றைய காலை டீ குடித்தது வரைக்கும்தான் ஞாபகம் இருந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆகவே அது என்னோடு போய்விடும் என்று இருபது வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு ஆள்தான் இடைஞ்சல். அன்றைக்குக் காவல் டவரில் பைனாகுலரோடு நின்ற பாய்.

என் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் பெங்களூரில், பண்டிகைக்குப் பண்டிகை வருவான். எனக்கென்று இந்தக் கரையில் மிஞ்சியிருக்கிற ஆள் இந்த நண்பன் ஒருத்தன்தான். பாய் வாயைத் திறந்தால் அவனையும் இழக்க வேண்டும். அந்த இரண்டு வாரமும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

கொட்டகையில் கூடினால் நாங்கள் சண்டையைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்கிறவர்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்பார்கள். நாங்கள் பேசுவதெல்லாம் டியூட்டி இல்லாத நேரத்தைப் பற்றித்தான். படுதா கட்டி சினிமா போடுவார்கள், இடம் கிடைக்காதவர்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்போம். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கதாநாயகன் இடது கையால் அடிப்பான். சமையல்காரர் அந்தப் படங்களை ஊருக்கு வந்து சரியான பக்கத்திலிருந்து பார்த்தபோது பிடிக்கவில்லை என்பார். முகாம் வாசலில் ஆட்டுப்பாலில் டீ போடும் ஒரு கிழவர் இருந்தார். பீரங்கிச் சத்தம் கிட்டே கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார், சத்தம் நின்றதும் எழுந்து அதே பாலைச் சுட வைப்பார். டெலிபோன் பூத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, ஊரில் பக்கத்து வீட்டுக்கு அடித்து, அவர்கள் போய்க் கூப்பிட்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். நண்பனுக்கு அப்போது கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. லீவை ரத்து செய்து கூப்பிட்டுவிட்டார்கள். பூத்தில் அவன் பேசியதைவிட மூச்சு விட்டதுதான் அதிகம் என்று நாங்கள் ஓட்டுவோம்.

பிறகு கருவாடு. என் அம்மா பார்சலில் அனுப்பிய நெத்திலிக் கருவாட்டை, வடக்கத்திக்காரர்கள் நாற்றம் தாங்காமல் புகார் கொடுத்ததால், காலித் தோட்டாப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தோம். ஒருநாள் அதிகாரி ஆய்வுக்கு வந்து அந்தப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் இரண்டடி பின்னால் போய், மூடச் சொல்லிவிட்டார். இதை நூறு தடவை சொல்லியிருப்போம், நூறு தடவையும் சிரித்திருக்கிறோம்.

கருவாட்டுக் கதை வந்தாலே நான் உஷாராகிவிடுவேன். அதற்கு அடுத்தது உப்பு. உப்புக்கு அடுத்தது அந்த ஞாயிற்றுக்கிழமை.

முகாமுக்கு மேற்கே அரை மைலில் நிலம் வெள்ளையாகத் தொடங்கும். கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பு. முதல் தடவை பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் அங்கே பாத்தி கட்டி உப்பு எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான், சண்டை என்றதும் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பாத்திகள் அப்படியே கிடந்தன. வரப்பெல்லாம் மிதித்து இறுக்கிய நல்ல வரப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் நண்பனும் அந்த ஓரம் வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டு வருவோம். நான் உப்பைக் கையில் எடுத்து, இது இன்னும் இரண்டு நாள் நின்றிருக்கவேண்டும், அவசரப்பட்டு வாரிவிட்டான் என்று அந்தத் தெரியாத ஆளைத் திட்டிக்கொண்டிருப்பேன். அவன் நெல்லுக்காரன், கேட்டுக்கொண்டிருப்பான்.

நடுவில் ஒரு வாரம், கண்ணி வைக்கிற படைப்பிரிவு வந்து அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணிவெடி புதைத்தது. கம்பி கட்டி, சிவப்பு முக்கோணத் தகடு தொங்கவிட்டார்கள். அதற்குப் பிறகு நாங்கள் போவதை நிறுத்திவிட்டோம். மூன்று வாரம் கழித்து ஒரு மணல்காற்று அடித்தது. இரண்டு நாள் அடித்து ஓய்ந்தபோது பாதிக் கம்பி விழுந்து மணலுக்குள் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையல்காரர் கருவாட்டுக் குழம்பு வைப்பதாகச் சொன்னார். பாக்கெட் உப்பு போட்டால் கருவாட்டுக்கு ருசி வராது, கல்லுப்பு இருந்தால் கொண்டுவா, உப்பளத்துக்காரன்தானே நீ என்று என்னைக் கேலி செய்தார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு பனியனும் கால்சட்டையுமாக நானும் நண்பனும் கிளம்பினோம்.

விழுந்து கிடந்த கம்பிக்கிட்டே போனதும் நண்பன் நின்றுவிட்டான். "வேணாம்டா. கம்பி கெடக்குது பாரு. வா திரும்பிடலாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தான். நான் கையை உதறினேன். பாத்திக்குள்தான் புதைத்திருப்பார்கள், வரப்பில் இருக்காது என்றேன்.

இதைப் புரிந்துகொள்ள உப்பளத்தில் பிறந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு தடவை மிதித்துக் கட்டிய வரப்பில் எவனும் மண்வெட்டி வைக்க மாட்டான். வரப்பில் சின்ன ஓட்டை விழுந்தால் பக்கத்துப் பாத்தியின் தண்ணீர் கலந்து இரண்டு பேர் உழைப்பும் போய்விடும். பங்காளிச் சண்டையில் தலையை உடைத்துக்கொண்டவர்கள்கூட வரப்பை வெட்டியதில்லை. சின்ன வயதிலிருந்து பாத்தியில் கால் வைத்தால் அடி விழும், வரப்பில் நடந்தால் ஒன்றும் ஆகாது. அது என் மூளையில் இல்லை, உள்ளங்காலில் இருந்தது. கண்ணி புதைத்தவர்கள் உப்பளத்துக்காரர்கள் இல்லை என்பதும், மனிதன் நடக்கிற இடத்தில்தானே கண்ணி வைப்பான் என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை.

"வரப்புல எவனும் தோண்ட மாட்டான். நெல்லு வரப்புல நடக்கறவனுக்கு உப்பு வரப்பப் பாத்தா பயமா?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். புதுப் பொண்டாட்டி ஞாபகம் வந்துவிட்டதா என்றும் கேட்டேன். அவன் முகம் சிவந்தது. என்னைத் தாண்டி முன்னால் நடந்தான். பதினைந்து தப்படி இருக்கும்.

வெடித்த பிறகு நான் செய்ததெல்லாம் சரியாகத்தான் செய்தேன். அவன் கால்தடத்திலேயே கால் வைத்துப் போய், பனியனைக் கிழித்துத் தொடையில் கட்டி, தூக்கிக்கொண்டு அதே தடத்தில் திரும்பி வந்தேன். அதில் பொய் இல்லை. பொய் வந்தது நான்கு நாள் கழித்து, ஒரு கூடாரத்தில், மூன்று அதிகாரிகளுக்கு முன்னால். தடுக்கப்பட்ட இடத்துக்குள் ஏன் போனீர்கள் என்று கேட்டார்கள். என் வேலை போகும், சிறைகூட வைப்பார்கள் என்று தோன்றியது. அவன் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தான். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன், அவன்தான் உதறிவிட்டுப் போனான் என்றேன். அவன் சொன்னதை நான் சொன்னதாகவும், நான் சொன்னதை அவன் சொன்னதாகவும் ஒவ்வொரு வார்த்தையாக மாற்றி வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவனுடைய காகிதத்தில் சொந்தக் கவனக்குறைவு என்று எழுதிவிட்டார்கள்.

ஊர் அதோடு விடுமா. குடித்துவிட்டுப் போய்க் கண்ணியை மிதித்தவன் என்று ஊரே சேர்த்துக்கொண்டது. அவன் அன்றைக்கு ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. நான் அதையும் திருத்தவில்லை. அவன் மனைவி தலையில்தான் எல்லாம் விடிந்தது. செயற்கைக் கால் சேற்றில் நிற்காது. நடவு, களையெடுப்பு, அறுப்பு எல்லாவற்றுக்கும் அந்தப் பெண் தனியாக இறங்கினாள். "கூட இருந்தவரு அவ்ளோ சொல்லியும் கேக்காம போனியே, உன் திமிருக்கு நான் சேத்துல நிக்கறேன்" என்று என் எதிரிலேயே அவனைத் திட்டுவாள். என்னைப் பார்த்தால் மட்டும் குரல் மாறிவிடும். நீங்கள் இல்லையென்றால் தாலியே இல்லை அண்ணே என்று தட்டில் இரண்டு துண்டு மீன் கூட வைப்பாள். நானும் சாப்பிட்டிருக்கிறேன்.

அவனோ திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். கொட்டகையில் கதை அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் என் பக்கம் திரும்பி, "நெசமாவே நீ வேணாம்னு சொன்னியாப்பா? நான்தான் கேக்கலியா?" என்பான். மாதம் தவறாமல் கேட்பான். ஆமாம் என்பேன். உடனே வேறு கதைக்குத் தாவுவேன். ஞாபகம் போனவன், பாவம், தடவிப் பார்க்கிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

பாய் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் நாளே ஏதாவது சாக்குச் சொல்லிக் கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். காய்ச்சல் என்று சொல்ல போனைக்கூட எடுத்தேன். சொன்னால் நண்பன் கஞ்சியை எடுத்துக்கொண்டு பாயையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிடுவான். போனை வைத்துவிட்டேன்.

பாய் பதினோரு மணிக்கு மருமகனுடைய காரில் வந்து இறங்கினான். தாடி முழுக்க நரைத்து, உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. எல்லோருக்கும் பேரீச்சம்பழமும் கோடாலித் தைலமும் கொண்டுவந்திருந்தான். நண்பனைக் கட்டிப்பிடித்தவன் கொஞ்ச நேரம் விடவே இல்லை. என்னிடம் கை கொடுத்தான், "சௌக்கியமா" என்றான், அவ்வளவுதான். என் கண்ணை அவன் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு நான்தான் அதிகம் பேசினேன். இடது கைக் கதாநாயகன், டீக்கடைக் கிழவர், டெலிபோன் பூத் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் இழுத்து நீட்டினேன். கருவாட்டுப் பெட்டியை மட்டும் தொடவில்லை. வெளியே ஆட்கள் பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சமையல்காரர் மீன் குழம்புச் சட்டியைத் திறந்து எல்லோருக்கும் பரிமாறினார். பாய் ஒரு கவளம் வாயில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"நான் ஒண்ணு சொல்லிடறேன். சொல்லாம எனக்கு எறங்காது" என்றான்.

 அவன் நண்பனைப் பார்த்துத்தான் பேசினான். கம்பிக்குப் பக்கத்தில் யாராவது போனால் விசில் ஊத வேண்டும் என்பது டவரில் நிற்பவனுக்கு உத்தரவு. எங்கள் இருவரையும் அவன் பார்த்தானாம். ஊதினால் அதிகாரி வந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமையை ஒரு மாதத்துக்கு நிறுத்திவிடுவார், பாவம் நம்ம ஊர்ப் பசங்க என்று விசிலை வாயில் வைத்துவிட்டு எடுத்துவிட்டானாம். அடுத்த வாரமே அவனை வேறு முகாமுக்கு மாற்றிவிட்டார்கள், விசாரணையில் அவனை யாரும் கேட்கவில்லை. கேட்காத வரைக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று இருந்துவிட்டானாம்.

"நான் ஊதியிருந்தா நீ நின்னிருப்பே. சவுதில அஞ்சு வேளையும் இதத்தான் கேட்டேன், மன்னிச்சிடுன்னு" என்று சொல்லி அழுதான். ஐம்பதைத் தாண்டிய ஆள் எச்சில் கையோடு அழுவதைப் பார்க்க முடியவில்லை. நண்பன் சட்டென்று எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்த பெஞ்சிலேயே நகர்ந்து போய் அவன் முதுகைத் தடவினான்.

சமையல்காரருக்கும் பொறுக்கவில்லை. உப்பு கேட்டது நான்தானே, கேலி பண்ணி அனுப்பினேனே, பாவ மன்னிப்புக் கேட்கும்போது சாமியாரிடம்கூட இதைச் சொன்னதில்லை என்று அவரும் ஆரம்பித்தார். நண்பன் அவரையும் விடுங்கள் அண்ணே என்று அடக்கினான். பிறகு பாய் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"ஒருத்தன் இன்னொருத்தன் கையைப் புடிச்சி இழுத்தத பாத்தேன். இழுத்தது யாரு, உதறுனது யாருன்னு, அவ்ளோ தூரத்துல..." என்று நிறுத்தி என்னைப் பார்த்தான். "தெரியல" என்று முடித்தான்.

பைனாகுலரில் ஒரு மைலுக்கு அப்பால் ஆட்டுக்கு எத்தனை கால் என்று எண்ணுகிறவன் அவன். அவனுக்குத் தெரியும். எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறான் என்பதும் எனக்குத் தெரிந்தது. கொட்டகையில் யாரும் சாப்பிடவில்லை. நண்பன் என் பக்கம் திரும்பினான். மாதாமாதம் கேட்கிற கேள்வியை அன்றைக்கு அவன் கேட்கவில்லை.

"உனக்கு எதுனா சொல்லணுமாப்பா?" என்றான்.

சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள், என் பொய்யும் அந்த வெள்ளத்தோடு அடித்துக்கொண்டு போயிருக்கும். ஆனால் என் வாய் பழகிய தடத்தில்தான் போனது.

"எனக்கு இன்னா இருக்குது சொல்றதுக்கு. நான்தான் வேணாம்னு சொன்னேனே" என்றேன்.

நண்பன் தலையை ஆட்டினான். பாய் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனான். அதற்குப் பிறகு பேச்சு ஒட்டவில்லை. இரண்டு மணிக்கே கலைந்துவிட்டோம்.

நண்பனை எப்போதும் நான்தான் ஸ்கூட்டரில் அவன் ஊரில் கொண்டுபோய் விடுவேன். அன்றும் ஏறிக்கொண்டான். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து உள்ளே திரும்பினோம். வெயிலில் சாலையில் ஒரு ஆள் இல்லை. கண்டம் தாண்டிவிட்டது, இனிமேல் பயமில்லை என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அந்த அற்ப சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கே குமட்டுகிறது.

"வண்டிய நிறுத்தாத. ஓட்டிக்கினே கேளு" என்றான் பின்னாலிருந்து. "புதுப் பொண்டாட்டி ஞாபகம் வந்துடுச்சான்னு கேட்டியே. எனக்கு அது ஞாபகம் இருக்குது."

நான் அந்த வார்த்தையை விசாரணையில் சொன்னதில்லை. உயிரோடு இருக்கிற யாரிடமும் சொன்னதில்லை. கைப்பிடி ஆடியது. அவன் என் தோளைப் பிடித்து நேராக்கினான்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்கு வந்த வருஷமே என்றான். நடவு நேரமாம். இவன் வரப்பில் நின்றபடி, மனைவி சேற்றில் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எல்லாம் ஒன்றாக வந்துவிட்டதாம். ஒரு வருஷம் என் மேல் கொலைவெறி இருந்ததாம். பிறகு தணிந்ததாம். தூக்கி வந்தவனும் நான்தானே என்று தன்னையே தேற்றிக்கொண்டானாம்.

"அப்பவே ஏன் கேக்கல?" என்றேன்.

"மாசா மாசம் கேட்டுக்கினுதானே இருந்தேன்" என்றான்.

முகத்தைப் பார்க்காமல் அதைக் கேட்க நேர்ந்தது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. பாயைத் தேடிப் பிடித்துக் கொட்டகைக்கு வரவழைத்ததும் அவன்தான். பாய் அன்றைக்கு டவரிலிருந்து பார்த்ததைச் சொன்னால் எனக்கும் வாய் திறக்கும் என்று எதிர்பார்த்தானாம். இன்றைக்கு நான் சொன்ன பதில்தான் அவனுக்குத் தாங்கவில்லை. கால் போனதைவிட அது வலித்தது என்று சாதாரணக் குரலில் சொன்னான்.

"எங்கிட்ட இனிமே சொல்ல வேணாம். எனக்குத்தான் தெரியுமே. வூட்டுல அவ இருக்கறா. அவகிட்ட சொல்லு. சொல்லலன்னா இதோட நீ வர்றதும் வேணாம், நான் வர்றதும் வேணாம்."

அவன் ஊர் ஏரிக்கரை வந்துவிட்டது. அங்கிருந்து வீடு ஐந்து நிமிஷம். திரும்பி ஓடிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை, ஆனால் அவனை ஏற்றிக்கொண்டு எங்கே ஓடுவது.

அவன் மனைவி வாசலில் உட்கார்ந்து விதைக்கு மணிலா உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "வாங்கண்ணே, சாப்டீங்களா? மொகமெல்லாம் இன்னா இப்படி கருத்துப் போயிருக்குது" என்றாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் சொம்பை வாங்கவில்லை. வாங்கினால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும். நண்பன் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு, இறங்கிய இடத்திலேயே நின்றான்.

நின்றுகொண்டே சொன்னேன். கம்பி, வரப்பு, கையைப் பிடித்து இழுத்தது அவன், உதறியது நான், புதுப் பொண்டாட்டி என்று கேட்டது, கூடாரத்தில் எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அன்றைக்குக் குடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது மாதிரிக் கேட்டது. அவள் சொம்பைப் பிடித்தபடி கேட்டாள். அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தேன். அதற்குத் தயாராகவும் இருந்தேன், அப்படிச் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாகியிருக்கும்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனைப் பார்த்து, இது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டாள். வந்த வருஷமே என்றான்.

"தெரிஞ்சுமாய்யா நான் திட்டுனதெல்லாம் கேட்டுக்கினு இருந்தே?"

"அவனே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றான்.

"அவரு சொல்றதுக்காக நான் இத்தினி வருஷம் உன்னத் திட்டணுமா? புள்ளைங்க எதிர்ல திட்டனேன். ஊரு எதிர்ல திட்டனேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வாயை மூடிக்கினு இருந்திருப்பனே."

 அவள் சொம்பைத் தரையில் வைத்துவிட்டு, மணிலாத் தோல் குவியலுக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் செயற்கைக் காலை இழுத்துக்கொண்டு போய் அவளுக்கு எதிரில் நின்றான், அவளைப் போலத் தரையில் உட்கார அவனால் முடியாது. நான் அங்கே நிற்பது இருவருக்கும் நினைவில்லை.